கண்டனத்துக்கு மேலே ஒன்றுமில்லை

தூத்துக்குடி
14.09.2025

அனிதாவுக்கு,

இன்று 2025 செப்டம்பர் 14, ஞாயிறு, காலை 6 மணி 40 நிமிடம். ஏழு நாளில் பனித்திட்டுக்கு நான் போட்ட போன் நாற்பத்தொன்று. உனக்குப் பத்தொன்பது, அம்மாவுக்குப் பதினாறு, உன் அப்பாவுக்கு ஆறு. எடுத்தவர்கள் பூஜ்யம்.

நான் நலம். எடை அறுபத்தெட்டு, காய்ச்சல் இல்லை, மெஸ் சாம்பாரில் உப்பு அதிகம். நீ நலமா, மாமா நலமா, அம்மாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் சொல்ல ஆள் இல்லாததால் எழுதிக் கேட்கிறேன்.

நேற்று ஸ்பீடு போஸ்டில் ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்மானம் வந்தது. டைப் அடித்த நகல், கீழே தலைவர் என்று உன் அப்பாவின் கையெழுத்து. நீ பார்த்திருக்க மாட்டாய், அப்படியே எழுதுகிறேன்:

"பனித்திட்டு ஊரின் மீன்பிடிப் பார்கள் முப்பத்தேழின் இடக்குறிப்புகளை, ஊரைக் கேட்காமல் வெளியூராருக்கு அனுப்பிய காலஞ்சென்ற வேலாயுதம் மகன் ஹரிஹரன் மீது ஊர் தனது கண்டனத்தைப் பதிவு செய்கிறது. அவர் பௌர்ணமிக் கூட்டத்தில் ஊர் முன் நின்று பதில் சொல்லும் வரை ஊரார் எவரும் அவருடன் நேரிலோ போனிலோ பேசுவதில்லை."

கண்டனமாம்! நாலு நாள் டிவி செய்தியைக் கவனி. ஆஸ்பத்திரி மேல் குண்டு போட்டவனுக்குக் கண்டனம். ரயிலைக் கவிழ்த்தவனுக்குக் கண்டனம். அந்த வரிசையில் எனக்கும் ஒன்று. பார் என்கிற கடலடிப் பாறை எங்கே இருக்கிறது, மீன் எங்கே கூடுகிறது என்று எண்ணில் எழுதி அனுப்பினேன், அவ்வளவுதான். ஏன் அனுப்பினேன் என்று யாராவது கேட்டார்களா? ஆகஸ்டில் குழந்தைவேல் அண்ணனுக்கு எஞ்சின் நின்று இரண்டு நாள் மிதந்து போய் மரக்காணத்துக்கு எதிரே கிடைத்தார். தேடப் போனவர்களுக்கு அவர் எந்தப் பாருக்குப் போனார் என்றே தெரியாது. நம் ஊரில்தான் போகிற பாரைப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல மாட்டார்களே. படகு எங்கே இருக்கிறது என்று காட்டுகிற கருவியைப் பொருத்துவது என் தொழில். அதனால் பட்டியல் போட்டேன், பதினான்கு ஊர் மீட்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

தீர்மானத்தை எழுதினவன் ஒரு முட்டாள். "நேரிலோ போனிலோ" என்று போட்டுவிட்டுக் கடிதத்தை மறந்துவிட்டான். நான் ஒரு வயரிங்கில் இவ்வளவு பெரிய ஓட்டை விட்டால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த ஓட்டை வழியாகத்தான் இது உன் கைக்கு வருகிறது.

தை பதினைந்து நமக்குக் கல்யாணம். பேசாத ஊரில் எவன் வந்து அரிசி போடுவான்? உடனே பதில் எழுது.

பெரியவர்களுக்கு என் வணக்கம். திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை, தடை இருக்கிறது.

ஹரிஹரன்

*

பனித்திட்டு
22.09.2025

ஹரி மாமாவுக்கு,

வூட்ல எல்லாரும் சௌக்கியம். அத்தைக்கு முட்டி வலி படிக்கட்டுல மட்டும்தான், கரைக்குப் போறப்ப இல்ல. உப்பு அதிகம்னு எழுதியிருக்க. தயிர் ஊத்திக்க.

உன் லெட்டரைக் குடுத்துட்டு தபால்காரர் போகவே இல்ல. "இன்னாம்மா, இந்தக் காலத்துல தபால்ல லவ் லெட்டரா?"ன்னாரு. லவ் ஒரு வரி இருந்தா காட்டியிருப்பேன். போன் கணக்குதான் இருந்திச்சு.

நீ பட்டியல் அனுப்பின மூணாம் நாள் காலையில தங்கவேல் பெரியப்பா அவரோட பாருக்குப் போயிருக்காரு. முப்பது வருஷம் முன்னாடி அவரே தேடிக் கண்டுபிடிச்ச பாரு. அங்க பிள்ளைச்சாவடிக்காரங்க போட் பதினொண்ணு நிக்குதாம். அவங்க மேல தப்பு சொல்ல முடியுமா? கடல் எல்லாருக்கும் பொது, இடம் தெரிஞ்சா வரத்தான் செய்வாங்க. பெரியப்பா திரும்பி வந்து போட்டைக்கூடக் கரையேத்தல. நேரா நம்ம வாசல்ல வந்து நின்னு, "உன் மாப்ள எங்கடா?"ன்னு அப்பாகிட்ட கத்தினாரு. அப்பா அப்பதான் டீயை வாயில வெச்சாரு. டீ ஆறிப்போச்சு.

கூட்டத்துல நடந்ததை எல்லாம் கேக்காத. அடுத்த பௌர்ணமிக்கு வா, ஊர் முன்னாடி நின்னு ரெண்டு வார்த்தை சொல்லு, முடிஞ்சுபோச்சு. உனக்கு ரெண்டு வார்த்தையோட நிறுத்த வராதுன்னு தெரியும், பழகிக்க.

இன்னொண்ணு. அந்தக் கண்டனம்ங்கற வார்த்தைய மட்டும் நோண்டாத. சிறுசா பெருசான்னு ஆராய்ச்சி வேணாம்.

எழுதினவன் முட்டாள்னு எழுதியிருக்க. சொல்லி வெக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி வெல்டிங் பண்ணாத, கண்ணு கெட்டுப்போகும்.

அனிதா

*

தூத்துக்குடி
27.09.2025

அனிதாவுக்கு,

நலம். தயிர் ஊற்றிக்கொண்டேன், உப்பு குறையவில்லை, தயிரிலும் போடுகிறார்கள். உங்கள் எல்லோருடைய உடம்பும் நன்றாக இருக்கட்டும்.

நோண்டாதே என்றாய். நோண்டினேன். பலன் கிடைத்தது.

இங்கே துறைமுகத்தில் எங்கள் சூப்பர்வைசர் சிவப்பிரகாசம் சார் முன்பு அரசு வேலையில் இருந்தவர். "எனக்கு ஊர் கண்டனம் போட்டிருக்கிறது சார்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். அலமாரியிலிருந்து ஊழியர் ஒழுங்கு விதிகள் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். தண்டனைகள் வரிசையாக இருக்கின்றன. பெரிய தண்டனை வேலை நீக்கம். அப்புறம் பதவி இறக்கம், சம்பள உயர்வை நிறுத்துவது, பதவி உயர்வை நிறுத்துவது. எல்லாவற்றுக்கும் கீழே, சிறு தண்டனைகளில் முதலாவதாக, எது இருக்கிறது தெரியுமா? கண்டனம்!

அதாவது, "நீ செய்தது சரியில்லை என்று நாங்கள் எழுதி வைத்துக்கொள்கிறோம்" என்பதுதான் அதன் முழு அர்த்தம். அடி இல்லை, பிடி இல்லை. வாயால் திட்டுவதற்கும் உண்மையான தண்டனைக்கும் நடுவில் ஒரு காகிதம். நாடுகள் ஒன்றையொன்று கண்டிப்பதும் அதனால்தான். வேறு ஒன்றும் செய்ய முடியாது என்றால் கண்டனம் தெரிவிப்பார்கள்.

ஆகவே நம் ஊர்த் தீர்மானம் தனக்குத் தானே முரண். இருப்பதிலேயே சின்ன தண்டனையைப் போட்டுவிட்டு, அதோடு பேச்சுத் தடையைச் சேர்த்திருக்கிறார்கள். சைக்கிள் டயரில் லாரி ஓட்டுகிற கதை. ஊருக்கே இது தெரியவில்லை. நான் தெரிவிக்கப் போகிறேன். ஆதாரத்தோடு மனு தயார். தடை தானாக விழும், கல்யாணம் குறித்த நாளில் நடக்கும். பார்த்துக்கொண்டே இரு.

இப்போது லவ் ஒரு வரி: உன் கையெழுத்து நன்றாக இருக்கிறது.

ஹரிஹரன்

*

தூத்துக்குடி
01.10.2025
ஸ்பீடு போஸ்ட்

பெறுநர்: தலைவர் சுப்புராயன் அவர்கள், ஊர்ப் பஞ்சாயத்து, பனித்திட்டு.

மாமாவுக்கு வணக்கம். தாங்கள் தலைவராக இருப்பதால் தாங்கள் என்று எழுதுகிறேன். தங்கள் உடல்நலம் அறிய விரும்புகிறேன்.

பொருள்: என் மீதான கண்டனத்தில் உள்ள பிழை.

கண்டனம் என்பது தண்டனைகளில் மிகச் சிறியது. ஆதாரமாக விதிகளின் நகல் இரண்டு பக்கம் இணைத்துள்ளேன், உரிய வரியில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறேன். இவ்வளவு சிறிய தண்டனையோடு பேச்சுத் தடை சேராது. எனவே ஊர் இரண்டில் ஒன்றைச் செய்ய வேண்டும். ஒன்று, தடையை நீக்கலாம். அல்லது, ஊரின் எண்ணம் பெரிய தண்டனைதான் என்றால் கண்டனம் என்ற சொல்லை எடுத்துவிட்டுச் சரியான சொல்லைப் போடலாம். இரண்டும் இல்லாமல் நடுவில் நிற்பது முறையல்ல.

இம்மனுவை அடுத்த கூட்டத்தில் முழுவதுமாகப் படிக்க வேண்டுகிறேன்.

தங்கள் அக்காள் மகன்,
ஹரிஹரன், டிப்ளமா (மின்னணுவியல்)

*

பனித்திட்டு
03.10.2025

ஹரி மாமா,

எல்லாரும் நல்லா இருக்கோம். நீயும் நல்லா இரு.

மனுவை அனுப்பாத. எழுதியிருந்தா கிழி. காரணம் கேக்காத, அப்புறம் சொல்றேன். தபாலுக்கு ஆள் கிளம்பிட்டாரு, வாசல்ல நின்னே எழுதறேன்.

அனிதா

*

தூத்துக்குடி
08.10.2025

அனிதாவுக்கு,

நலம். உன் கடிதம் இன்று காலை 11.20க்கு வந்தது. என் மனு 1ஆம் தேதியே போய்விட்டது. டிராக்கிங் பார்த்தேன்: 7ஆம் தேதி ஒப்படைக்கப்பட்டது, பெற்றுக்கொண்டவர் சுப்புராயன்.

ஏன் அனுப்பக்கூடாது? சரியானதைத்தானே எழுதினேன்?

ஹரிஹரன்

*

பனித்திட்டு
13.10.2025

ஹரி மாமாவுக்கு,

அத்தை, அப்பா, நான் மூணு பேரும் உடம்புக்கு நல்லா இருக்கோம். மத்ததைச் சொல்றேன், குந்தினு படி.

அந்த முட்டாள் நான்தான்.

தீர்மானம் எழுதற ஊர் நோட்டு ஆகஸ்டு மாசம்தான் என் கைக்கு வந்துச்சு. முன்னாடி எழுதினவரு மக வூட்டுக்குக் குடி போயிட்டாரு. பி.காம் படிச்ச பொண்ணு, எழுதட்டும்னு எல்லாரும் சொன்னாங்க. நீ வந்தா காட்டி அசத்தலாம்னு சொல்லாம வெச்சிருந்தேன். நான் எழுதின ரெண்டாவது தீர்மானமே உன்னுது.

அன்னிக்குக் கூட்டத்துல கண்டனம்னு யாரும் சொல்லல. "தள்ளி வைங்கடா அந்தக் குடும்பத்தை"ன்னுதான் தங்கவேல் பெரியப்பா கத்தினாரு. பின்னாடி பத்து பேரு "ஆமா ஆமா". தள்ளி வெச்சா இன்னா ஆகும்னு உனக்கே தெரியும். அத்தைக்குக் கரையில ஒருத்தரும் மீனு போட மாட்டாங்க. கோயில்ல தட்டு வாங்க மாட்டாங்க. தள்ளி வெச்ச வூட்டுக்குப் பொண்ணு குடுத்தா குடுத்தவங்களுக்கும் அதே கதி. அப்பா வாயைத் தொறந்தா சொந்தம் பாக்குறாருன்னு சொல்லுவாங்க, அதனால தலையைக் குனிஞ்சினு இருந்தாரு.

"எழுதும்மா, பெருசா எழுது"ன்னாரு பெரியப்பா.

"பெருசான்னா எப்டி பெரியப்பா?"

"இருக்கறதுலயே பெருசா."

கண்டனம்னு எழுதினேன். எழுந்து நின்னு, டிவியில நியூஸ் படிக்கற பொண்ணு மாதிரி, ஒவ்வொரு வார்த்தையா நிறுத்திப் படிச்சேன். "ஊர்... தனது... கண்டனத்தைப்... பதிவு செய்கிறது." பின்னாடி ஆமா போட்டவங்க நிமிந்து பாத்தாங்க. பெரியப்பாவே கொஞ்சம் பயந்துட்டாரு. மெதுவா கேட்டாரு: "இதுக்கு மேல எதுனா இருக்குதா?"

"இதுக்கு மேல ஒண்ணும் இல்ல பெரியப்பா. நாட்டுக்கு நாடே இதோட நிறுத்திக்குவாங்க."

"அப்ப சரி"ன்னு குந்திட்டாரு. அப்புறம் யாரோ பேச்சு வார்த்தை கூடாதுன்னு சேக்கச் சொன்னாங்க. நேரிலோ போனிலோன்னு சேத்தேன். ஓட்டைன்னு எழுதினியே, அது தெரிஞ்சே வெச்ச வழி.

இப்ப நீ, மஞ்சக் கோடு போட்டு, அது இருக்கறதுலயே சின்னதுன்னு எழுதியிருக்க. பெருசு வேணும்னா சரியான சொல்லைப் போடுன்னு நீயே வழியும் சொல்லிக் குடுத்திருக்க. ஊர்ல யாரும் கேக்காத உதவி!

அப்பா உன் கவரைப் பிரிச்சாரு, படிச்சாரு, சட்டைப் பைல வெச்சினாரு. நவம்பர் 5 பௌர்ணமிக் கூட்டம். படிக்கச் சொன்னா நான்தான் படிக்கணும். நாலு வரியை முழுங்கிட்டுப் படிக்கலாம், யாருக்கும் தெரியாது. ஆனா ஒரு தடவை ஏமாத்தினதுக்கே எனக்குச் சோறு செரிக்கல.

நீ உடம்பைப் பாத்துக்க. கோவம்தான், இல்லன்னு சொல்லல.

அனிதா

*

தூத்துக்குடி
18.10.2025

அனிதாவுக்கு,

நலம் என்று எழுதினால் பாதிப் பொய். உடம்பு நலம். நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். முட்டாள் என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன், எழுத்து மூலமாக. அந்தப் பட்டம் இடம் மாறி வந்துவிட்டது, ஏற்றுக்கொள்கிறேன்.

வேண்டுமானால் இன்னொரு மனு அனுப்புகிறேன். "நான் தவறாகப் படித்துவிட்டேன், கண்டனம்தான் எல்லாவற்றிலும் பெரியது" என்று. பொய் எழுதிப் பழக்கமில்லை. இதற்காக எழுதுவேன். சரி என்று ஒரு வரி போடு, அன்றே அனுப்புகிறேன்.

வேறு ஒன்று கேட்கிறேன். ஒரு மாதமாக அந்தச் சொல்லின் எடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டியலை அனுப்பியது தப்பா என்று ஒருவரையும் கேட்கவில்லை. உன்னைக் கேட்கிறேன். தப்பா?

ஹரிஹரன்

*

பனித்திட்டு
24.10.2025

மகன் ஹரிக்கு அம்மா தெய்வநாயகி எழுதிக்கொள்வது.

நான் நல்லா கீறேன். தீபாவளிக்கு ரெண்டு இட்லி கூடத்தான் சாப்ட்டேன். நீ எண்ணெய் தேச்சிக் குளிச்சியா? போன்ல பேசாதது எனக்கு ஒரு வெதத்துல நிம்மதிதான். நீ பேசினா மோட்டார் கதையா சொல்லுவ.

அனிதா உன் லெட்டரை எங்கிட்ட குடுத்து, அத்த நீயே பதில் எழுதுன்னுடுச்சு. பொய் மனு வேணாம்னு மட்டும் சொல்லச் சொல்லிச்சு.

நீ அனுப்பின பட்டியலைப் போன்ல படமாக் காட்டிச்சு. பன்னெண்டாம் நம்பரு உங்க அப்பா பாரு. பத்தொம்போது வருசம் அவரு அங்க போனாரு. எங்கன்னு நான் கேட்டதில்ல, அவரும் சொன்னதில்ல. ரொம்ப தூரம் ரொம்ப தூரம்னு சொல்லி ரெண்டு தூக்கு சோறு கட்டினு போவாரு. இப்பப் பாத்தா கரையிலேந்து ஒன்றரை மணி நேரம்தானாம்டா! ஒரு தூக்கே மிச்சமாவும். இன்னொரு தூக்கு இன்னாத்துக்குன்னு இனிமே நான் யாரைக் கேக்கறது? நானும் அனிதாவும் வவுறு வலிக்கச் சிரிச்சோம். அப்புறம் அது உள்ள போயிடுச்சு. நான் போனைக் கையில வெச்சினு கொஞ்ச நேரம் அந்தப் புள்ளியையே பாத்தேன்.

குழந்தைவேலு பொண்டாட்டி ரெண்டு நாளு கரையில நின்னதை நானும் கூட நின்னு பாத்தேன். நீ அதுக்குத்தான் பண்ணினன்னு தெரியும். ஆனா உங்க அப்பா அந்த எடத்தை உனக்குச் சொன்னப்ப கடல்ல வெச்சுதான சொன்னாரு. கரையில சொல்லலியே. மத்த முப்பத்தாறு பேரு வூட்லயும் அப்டித்தான சொல்லியிருப்பாங்க. ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பண்ணியிருக்கலாம்.

மழை நாளு. ஈரச் சட்டையோட குந்தாத.

அம்மா

*

தூத்துக்குடி
29.10.2025
ஸ்பீடு போஸ்ட்

மாமாவுக்கு வணக்கம். நலம், உங்கள் நலம் அறிய எழுதுகிறேன். இதையும் கூட்டத்தில் படிக்க வேண்டும்.

முந்தைய மனுவில் கண்டனம் சிறிய தண்டனை என்று எழுதினேன். அது உண்மை, மாற்றி எழுதவில்லை. ஆனால் அதை ரத்து செய்ய வேண்டாம். அது என் பெயரில் நோட்டில் இருக்கட்டும்.

முப்பத்தேழு பாரில் ஒன்று என் அப்பாவுடையது. அதைக்கூட நான் கொடுத்திருக்கக் கூடாது. மற்ற முப்பத்தாறும் யாரோ யாரோ தேடி, யாரோ யாருக்கோ கடலில் வைத்துச் சொன்னவை. நான் வேலைக்காகப் படகுகளில் ஏறியபோது கருவிகளிலிருந்து எடுத்தேன். ஒருவரையும் கேட்கவில்லை. குழுவிலிருந்து பட்டியலை அழித்துவிட்டேன். பார்த்தவர்கள் மனதிலிருந்து அழிக்க வழி இல்லை.

இதற்கு மேல் ஊர் எதைக் கொடுத்தாலும் எனக்குக் கொடுக்கட்டும். அம்மாவுக்கு வேண்டாம். பட்டியலை அனுப்பியது அவர் இல்லை.

உதவி கேட்டுப் பொத்தானை அழுத்தும்போது மட்டும் இடம் காட்டுகிற கருவி இருக்கிறது. மற்ற நேரத்தில் காட்டாது. ஊர் சரி என்றால் பொருத்தித் தருகிறேன், வேண்டாம் என்றால் பொருத்த மாட்டேன். இந்த வரியை எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது.

ஹரிஹரன்

*

பனித்திட்டு
07.11.2025

மாப்பிள்ளை ஹரிஹரனுக்கு சுப்புராயன் எழுதுவது.

இங்கு அனைவரும் சுகம். எனக்குச் சளி, கவலைப்பட ஏதுமில்லை. உன் இரண்டு கடிதமும் என் சட்டைப் பையில் இருந்தன. அனிதாவிடம் கொடுக்காமல் நானே கூட்டத்தில் படித்தேன். மஞ்சள் கோடு போட்ட பக்கத்தையும் தூக்கிக் காட்டினேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். கண்டனம் என்றால் என்ன என்று எனக்கு நீ மஞ்சள் கோடு போட்டுக் காட்ட வேண்டியதில்லை மாப்ளே. நான் சர்க்கார் ஜீப் ஓட்டிய காலத்தில் ஒன்று வாங்கியிருக்கிறேன். மாசி மகத்துக்குச் சாமி ஏற்றின டிராக்டர் பாதி வழியில் நின்றுபோனது. சாமியை ஆபீஸ் ஜீப்பில் ஏற்றிக் கடலுக்குக் கொண்டுபோனேன். அதிகாரி போன் போட்டு, சாமியை இறக்கிவிட்டு வண்டியைக் கொண்டுவா என்றார். எப்படி இறக்குவது? தீர்த்தவாரி முடித்துத்தான் வந்தேன். கண்டனம் போட்டார்கள். சம்பளம் குறையவில்லை, யாரும் பேசாமல் இருக்கவில்லை. ஆனால் அந்தத் தாளைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்படிப்பட்ட சொல் அது.

அன்று என் மகள் அதை எழுதியதையும் பார்த்தேன். எதற்கு எழுதினாள் என்றும் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு என்று கூட்டத்தில் சொல்லிவிட்டேன்.

தங்கவேல் அண்ணன் எழுந்தார். "அப்ப இந்தப் பொண்ணு என்னை ஏமாத்திச்சா?"

அனிதா எழுந்து நின்று, "ஆமா பெரியப்பா" என்றாள்.

"அப்ப தள்ளி வைக்கறது பாக்கி இருக்குதா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அதற்குக் குழந்தைவேல்தான் பதில் சொன்னான். கூட்டத்தில் அவன் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. "தண்ணி இல்லாம ரெண்டு நாள் கெடந்தேன். என் பாரை பிள்ளைச்சாவடிக்காரன் எடுத்துக்கிட்டாலும் சரி, உலகமே எடுத்துக்கிட்டாலும் சரி, யாராச்சும் வந்தா போதும்னு இருந்திச்சு. அவன் கேக்காம பண்ணது தப்புதான். எனக்காகப் பண்ணான். அவனைத் தள்ளி வெச்சா என்னையும் வைங்க." சொல்லிவிட்டு உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தான்.

தங்கவேல் அண்ணன் அவனை உட்காரச் சொல்லிக் கை காட்டினார். அப்புறம் அனிதாவைப் பார்த்தார். "இருவது வருஷமா இந்தக் கூட்டத்துல கத்தறேன். ஒரே வார்த்தையில என்னை உக்கார வெச்சது நீதான்டி" என்றார். சிரித்துவிட்டார். அவர் சிரித்தபிறகு யார் என்ன பேச முடியும்?

முடிவு இது. உன் கண்டனம் அப்படியே நிற்கும். தள்ளி வைப்பது இல்லை. பொத்தான் கருவியைப் பற்றி நீ வந்தபின் பேசலாம். டிசம்பர் 4 பௌர்ணமியில் நீ ஊர் முன் நின்று பதில் சொன்னால் பேச்சுத் தடை முடியும், தை பதினைந்தில் மாற்றமில்லை. ஆனால் வந்து நின்று வாதம் செய்தாயானால் தை பதினைந்து கிடையாது. இதைத் தங்கவேல் அண்ணன் உன்னைத் தெரிந்துதான் சேர்க்கச் சொன்னார்.

ஊர் இன்னொரு தீர்மானமும் போட்டது. ஊரை ஏமாற்றி எழுதியதற்காக நோட்டு எழுதும் அனிதா மீது ஊர் தனது கண்டனத்தைப் பதிவு செய்கிறது. அதை எழுத வேறு ஆள் இல்லாததால் அவளே எழுதினாள். "அன்னிக்குப் படிச்ச மாதிரியே படி" என்று தங்கவேல் அண்ணன் பிடிவாதம். படித்தாள். ஊர் கை தட்டியது. அவளும் டிசம்பர் 4 அன்று நின்று பதில் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும்.

உன் அம்மா சுகம். ஆசிகள்.

சுப்புராயன்

*

தூத்துக்குடி
12.11.2025, புதன், மாலை 5.15

அனிதாவுக்கு,

நான் நலம், உண்மையான நலம். மாமாவுக்குச் சளி போனதா? அம்மாவைக் கேட்டதாகச் சொல். எழுத்து மூலமாகச் சொல்.

நீ "ஆமா பெரியப்பா" என்று சொன்ன இடத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை. எண்ணாமல் விட்டது இது ஒன்றுதான்.

இன்றிலிருந்து இருபத்திரண்டு நாள். செய்யப் போவது:

1. டிசம்பர் 3 மாலை பஸ் ஏறுவேன். 4ஆம் தேதி காலை கிருமாம்பாக்கத்தில் இறங்கி ஊருக்கு நடப்பேன். வண்டியில் ஏற்றிக்கொள்ளச் சொல்லி யாரையும் கேட்க முடியாது, தடை.

2. தங்கவேல் மாமா பேசும்போது குறுக்கே பேச மாட்டேன். கணக்கு தப்பாக வந்தாலும் திருத்த மாட்டேன். பிள்ளைச்சாவடியில் விசாரித்தேன், அன்றைக்குப் பாரில் நின்றவை ஒன்பது படகு, பதினொன்று இல்லை. இதை உனக்கு மட்டும் சொல்கிறேன்.

3. என் பதில்: "தப்பு செய்தேன். கேட்காமல் கொடுத்தேன்." நான்கு சொல். இதுவரை பதினாறு தடவை சொல்லிப் பார்த்தேன். ஐந்தாவது சொல்லாக "ஆனால்" மூன்று தடவை வந்தது. நேற்றிலிருந்து வரவில்லை.

4. தடை நீங்கியதும் முதலில் குழந்தைவேல் அண்ணனிடம் பேசுவேன், அடுத்து அம்மாவிடம். நீ மூன்றாவது, கோபப்படாதே. உன்னிடம் பேச நேரம் அதிகம் வேண்டும்.

5. நோட்டில் உன் கண்டனத்துக்கு அடியில் நீ கையெழுத்துப் போட்டிருப்பாய். அதே பக்கத்தில், உன் பெயருக்கு அடுத்து, நான் போடுவேன். பேனா நான் கொண்டுவருகிறேன். மாமாவின் பேனா கசிகிறது.

ஹரிஹரன்